மூன்றாவது சாவி

என் வீட்டுக்காரர் செய்த பூட்டை வைத்தே எங்கள் பட்டறையைப் பூட்டினார்கள். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் நான் கதை அளக்கிறேன் என்று நினைக்கிறார்கள். அளந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நயா பைசா வந்து சில வருஷங்கள் ஆகியும் திண்டுக்கல் கடைகளில் இன்னும் அணாக் கணக்குப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

நான் நத்தம் பக்கத்துக்காரி. புளி உலுக்குகிற வீட்டில் பிறந்து, பூட்டுச் செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்டேன். வந்த மாதமே என் கையில் அரத்தைக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு பூட்டு வேலைதான். ஆண்கள் உலையில் இரும்பைக் காய்ச்சித் தட்டுவார்கள், பித்தளைத் தகட்டை வெட்டுவார்கள், பூட்டுக்குள்ளே சாவி தூக்கிவிடுகிற நெம்புகளைக் கோப்பார்கள். பூட்டின் உடம்பையும் சாவியையும் அராவுவது பெண்கள் பாடு. நான் இடதுகைக்காரி. மற்றவர்கள் அராவினால் கீறல் ஒரு பக்கம் சாயும், நான் அராவினால் எதிர்ப்பக்கம் சாயும். எத்தனை மெருகு போட்டாலும் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அது தெரியும். என் பூட்டுக்குக் கூட என்னைப் போலவே எடக்குப் புத்தி என்று சந்தில் கேலி செய்வார்கள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. அதற்குத் தெருவைப் பார்த்துத் தனிக் கதவு. பின்னால் ஒரு அறையும் சமையல்கட்டும். பட்டறையிலிருந்து அங்கே போக வழி கிடையாது, பக்கத்து இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். பித்தளையும் இரும்பும் கம்பெனிக்காரர் கொண்டுவந்து தருவார். செய்த பூட்டை அவரே எடுத்துக்கொள்வார். சந்து முழுக்க அவரை முதலாளி என்றுதான் சொல்லும். கம்பெனி என்றால் பெரிய தெருவில் மாடியில் ஒரே ஒரு அறை. மேஜை, நாற்காலி, கண்ணாடி பீரோ, பீரோவில் மெருகு போட்ட பூட்டுகள், வாசலில் பெரிய போர்டு. அங்கே ஒரு சுத்தியல் கூடக் கிடையாது. கம்பெனிப் பெயர் செதுக்கிய முத்திரை அச்சை மட்டும் அவர் எங்களிடம் விட்டுவைக்கமாட்டார். பூட்டு முடிந்ததும் வேட்டி மடிப்பிலிருந்து அதை எடுத்துத் தருவார். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு பூட்டிலும் வைத்துத் தட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று, திரும்ப வாங்கி மடித்துக்கொண்டு போவார்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பூட்டுக்கு இரண்டு சாவி, இரண்டும் வாங்குகிறவருக்கு. சாவி வெட்ட வைத்திருந்த மாதிரித் தகட்டைக் கூட உலையில் போட்டுவிட வேண்டும். ஒப்படைக்கும்போது என் வீட்டுக்காரர் ஒரு தடவை பூட்டிக் காட்டி, சாவியை அவர் கையில் வைத்து, “இனி ஒங்க பூட்டு” என்பார். அப்புறம் அந்தப் பூட்டின் மேல் அவர் கை படாது. யாராவது சாவியைத் தொலைத்துவிட்டு வந்தால், பூட்டின் சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால்தான் தொடுவார். நெம்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஒரு கம்பி போதும், திறந்துவிடுவார். அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. தப்பாகத் திறந்தவன் என்று ஒருவன் மேல் பேச்சு வந்துவிட்டால் அவன் சாப்பாட்டில் மண். யார் அவன் பூட்டை வாங்கி வீட்டில் மாட்டுவார்கள்?

அந்த வருஷம் ஊரில் ஆபீஸ் ஒரு புது மார்க்கெட் கட்டிக்கொண்டிருந்தது. எந்த ஆபீஸ் என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை. நாங்கள் எல்லோரும் வெறுமனே ஆபீஸ் என்றுதான் சொல்வோம், அதுவே இங்கே போதும். புது மார்க்கெட்டின் கடைகள் எல்லாவற்றுக்கும் பூட்டு வேண்டும் என்று கம்பெனிக்கு ஆர்டர் வந்தது, கம்பெனியிடமிருந்து எங்களுக்கு வந்தது. அவ்வளவு பெரிய வேலை எங்களுக்கு அதுவரை வந்ததில்லை. இதை ஒழுங்காகக் கொடுத்தால் வருஷம் முழுக்கப் பித்தளை எங்கள் வீட்டுக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார். தவறினால் அடுத்த சந்து தயாராக இருந்தது. இரண்டு பேரும் ராப்பகல் பாராமல் உழைத்து, முத்திரையும் தட்டி, பூட்டுகளை வைக்கோல் போட்டுச் சாக்குகளில் கட்டி வைத்திருந்தோம். முதலாளி வண்டி கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி.

வண்டிக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் வந்தார். அதே ஆபீஸ்காரர், ஆனால் லைசென்ஸ் பார்க்கிற பகுதி. கூட ஒரு பியூன். குடியிருக்கிற சந்துக்குள் உலை எரிப்பதற்கும் சுத்தியல் அடிப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும், எங்களிடம் இல்லை, யாரோ புகார் எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. குரலை உயர்த்தவே இல்லை. கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்கிறதே என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அது கம்பெனி விலாசத்துக்கு, இந்தச் சந்துக்கு இல்லை என்று பதில் வந்தது. எங்களை வெளியே வரச் சொன்னார். பியூன் துணிப்பைக்குள் கைவிட்டு ஒரு பூட்டை எடுத்து நாதாங்கியில் மாட்டிப் பூட்டினார்.

அவர்கள் சந்தைத் தாண்டியதும் நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பூட்டின் வயிற்றில் வெயில் விழுந்திருந்தது. கீறல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. என்னைத் தூக்கிவாரிப் போட்டது. நான் அராவிய பூட்டு. மேலே கம்பெனி முத்திரை, என் வீட்டுக்காரர் கையால் தட்டியது. போன வருஷமோ அதற்கு முந்தியோ கம்பெனி மூலமாக ஆபீஸுக்குப் போயிருக்கிறது. எங்கள் பட்டறையில் பிறந்து, ஊர் சுற்றி, எங்கள் கதவிலேயே வந்து தொங்குகிறது. நான் சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை, ஏதோ ஒரு சத்தம் என் தொண்டையிலிருந்து வந்தது, பக்கத்து வீட்டுக்காரிகள் ஓடிவந்துவிட்டார்கள்.

“ஏங்க, இது நம்ம பூட்டுங்க. தொறங்க” என்றேன்.

அவர் பார்த்தார். எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“ஆபீஸ் பூட்டு” என்றார். அவ்வளவுதான். திண்ணையோ நிழலோ இல்லாத அந்தச் சந்தில் வெயிலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

நான் சும்மா இருக்கிறவள் இல்லை. அன்றைக்கு முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தேன். உள்ளே அரம் இருக்கிறது, இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் இருக்கிறது, முடித்து வைத்த சரக்கு இருக்கிறது. ஒரு கம்பி எடுத்து விட்டால் செத்த நேரத்தில் திறந்துவிடும். அரக்கு வைக்கவில்லை, சீல் வைக்கவில்லை. திறந்து சாக்குகளை எடுத்துவிட்டு அப்படியே மாட்டிவிட்டால் எந்தக் கடவுளுக்குத் தெரியும்? அவர் எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தார். வெஞ்சனம் ஒன்றும் நான் வைக்கவில்லை, கோபத்தில் வெறும் சோற்றையும் ரசத்தையும் நகர்த்தினேன். அதையும் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். என்ன மனுஷன் இவன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் முதலாளி வந்தார். விஷயம் அவருக்குப் போயிருந்தது. வெள்ளைச் சட்டையில் அழுக்குப் படாமல் சந்தில் நின்றுகொண்டு, பூட்டையும் பார்த்தார், என் வீட்டுக்காரரையும் பார்த்தார். நான் சொன்னதையே அவரும் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

“நீ செஞ்ச பூட்டுதான அப்பு. தொறந்து சரக்க எடுத்துட்டுத் திரும்பப் பூட்டிரு. எவனுக்குத் தெரியப் போவுது?”

“சாவி ஆபீஸ்ல இருக்கு மொதலாளி. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவுகளே தொறப்பாக.”

அதுவும் நியாயம்தானே என்று பட்டது. சரக்கு கம்பெனியுடையது, ஆர்டர் ஆபீஸுடையது. ஒரு வார்த்தை போதும். ஆனால் முதலாளியின் முகம் மாறிவிட்டது. சந்தில் யாரும் கேட்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் விளக்கினார். சொந்த ஆலை வைத்திருக்கிறவர்களுக்குத்தான் ஆபீஸ் ஆர்டர் கொடுக்கும். எல்லாப் பூட்டும் கம்பெனியின் சொந்த ஆலையிலேயே செய்யப்படுகிறது என்று அவர் எழுதிக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார். சந்துக்குள் லைசென்ஸ் இல்லாத வீட்டில் தன் சரக்கு இருக்கிறது என்று இப்போது வாய் திறந்தால் ஆர்டரும் போகும், கம்பெனி லைசென்ஸும் போகும்.

அப்படியென்றால் இத்தனை வருஷம் நாங்கள் எங்கே இருந்து வேலை செய்தோம்? காகிதத்தில் இருக்கிற ஆலை ஊரில் இல்லை, ஊரில் இருக்கிற எங்கள் பட்டறை காகிதத்தில் இல்லை. என் கையில் காய்ப்புக் காய்த்திருக்கிறதே, அது யாருடைய ஆலையில் காய்த்தது? நான் அதைக் கேட்பதற்குள் முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு பேரும் முடியாது என்றால் நான் போகிறேன் என்று கிளம்பினேன். என் வீட்டுக்காரர் வெளியே போயிருந்த நேரம். ஆபீஸில் அந்த இன்ஸ்பெக்டரைத் தேடிப் பிடித்து, உங்கள் புது மார்க்கெட்டுக்கு வேண்டிய பூட்டு அத்தனையும் நீங்கள் பூட்டிய அறைக்குள்தான் இருக்கிறது ஐயா என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னைக் கேலி செய்யவும் இல்லை, உண்மையாகவே நம்பவில்லை. மார்க்கெட் பூட்டு கம்பெனியின் ஆலையிலிருந்து வருகிறதம்மா, அதைக் கட்டட வேலை பார்க்கிற பகுதியில்தான் கேட்க வேண்டும் என்றார். அந்த ஆலையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா ஐயா என்று கேட்டேன். அது என் வேலை இல்லை என்றார். கட்டட வேலைப் பகுதி அடுத்த அறைதான். நடுவில் ஒரு தட்டி மறைப்பு. அந்தப் பக்கம் யாரோ இருமுவது இந்தப் பக்கம் கேட்டது. ஆனாலும் விசாரிக்கிறேன் என்றார். விசாரிக்கவும் செய்தார், பாவம். யாரிடம்? முதலாளியிடம்.

அதற்கு அடுத்த நாள் நான்கு பேர் சந்துக்குள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர், பியூன், முதலாளி, ஒரு போலீஸ் ஏட்டு. கதவு திறக்கப்போகிறது, முதலாளி உண்மையைச் சொல்லிவிட்டார் போலிருக்கிறது, துணைக்குத்தான் ஏட்டையும் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று என் புத்தி ஏதேதோ கணக்குப் போட்டது. பியூன் சாவியைப் போட்டுத் திறந்தார். சாக்குகளை வெளியே இழுத்து அவிழ்த்தார்கள். ஏட்டு ஒரு பூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது கம்பெனி முத்திரைதான?”

“ஆமாங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஆலைல இருந்து காணாமப் போன சரக்குன்னு மொதலாளி எழுதிக் குடுத்திருக்காரு. ஒங்க வீட்டுக்குள்ள எப்படி வந்துச்சு?”

எனக்கு முதலில் புரியவே இல்லை. யாரோ வேறு யாரையோ கேட்கிறார்கள் என்று நினைத்தேன். நாங்கள் செய்த பூட்டை நாங்களே திருடினோமாம். இல்லாத ஆலையிலிருந்து. சந்து ஜனம் முழுக்க வாசலில் நின்றது. அத்தனை பேருக்கும் உண்மை தெரியும், ஒருவர் வாய் திறக்கவில்லை. அத்தனை பேர் வீட்டிலும் அவருடைய பித்தளைதான் இருந்தது.

என் வீட்டுக்காரர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி மலைக்கோட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன். ஏட்டின் கையிலிருந்த பூட்டைப் பிடுங்கி வெயிலில் சாய்த்து, இந்தக் கீறலைப் பாருங்கள் ஐயா, இது இடதுகை அராவல், இந்த ஊரில் இடதுகையால் பூட்டு அராவுகிறவள் நான் ஒருத்திதான், இது என் கை என்று கத்தினேன். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது, அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஏட்டு பூட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கீறலில் பெயர் எழுதியிருக்கிறதா தாயி என்று கேட்டார், முத்திரையில் எழுதியிருக்கிறதே என்றார். அந்த முத்திரையையும் நாங்கள்தான் தட்டினோம் என்றால் அது இன்னொரு திருட்டாகிவிடும்.

அப்போதுதான் முதலாளி வாய் திறந்தார்.

“கேஸெல்லாம் வேணாங்க ஏட்டய்யா. பாவப்பட்ட குடும்பம். சரக்கு கெடச்சதே போதும்.”

மன்னித்துவிட்டாராம். அந்தப் பெருந்தன்மையை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. சாக்குகள் வண்டியில் ஏறின. என் வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டரிடம் அரம், சுத்தியல், வைஸ் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். திருடன் என்று சொன்ன வாய்க்கு ஒரு பதில் சொல்லாத மனுஷர், அரத்துக்காகக் கைகட்டி நின்றார். இன்ஸ்பெக்டர் எடுத்துக்கொள் என்றார். பிறகு பியூன் அதே பூட்டைத் திரும்ப மாட்டிப் பூட்டிக்கொண்டு போனார்.

புது மார்க்கெட் குறித்த நாளில் திறந்தது. நான் போகக் கூடாது என்றுதான் இருந்தேன், கால் கேட்கவில்லை. ஆயக்குடி கொய்யாவைக் கூடையோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்குக் கடை கதவில் என் கீறல் தொங்கியது. ஒரு கடைக்காரர் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்த்தார், பிறகு திருப்தியாகத் தலையாட்டினார். நல்ல பூட்டு என்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது, தொலையட்டும் என்று வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. கொய்யா வாங்காமலே திரும்பினேன்.

அதற்குப் பிறகு சந்தில் யாரும் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவரை வாட்டியது. பழைய மாதிரி பேசினார்கள், ஆனால் அவர் போனால் பேச்சு ஒரு நொடி நிற்கும். வெளியூரிலிருந்து கீரனூர்ப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் சாவி தொலைந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு எப்போதும் போல எங்கள் வீட்டைத் தேடி வந்தார். சந்து முனையில் என்ன சொன்னார்களோ, எங்கள் வாசல் வரை வந்தவர், “இருக்கட்டுங்க, அப்பறம் வாரனுங்க” என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் வீட்டுக்காரர் அந்தப் பெட்டி சந்து திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பூட்டையும் தப்பாகத் தொடாமல் இருந்து என்ன பயன் என்று நான் கேட்கவில்லை. கேட்க மனசு வரவில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். சமையல்கட்டில் சோற்றுக்கு உலை வைத்திருந்தேன். பக்கத்து இடுக்கு வழியாக முதலாளி உள்ளே வந்தார். பின்னால் ஒருவன் பித்தளைத் தகட்டுக் கட்டைத் தூக்கிவந்தான். ஒன்றுமே நடக்காத மாதிரி, என்ன அப்பு சௌக்கியமா என்று கேட்டார். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அவரோ அடுக்களையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வைஸை இங்கேயே மாட்டிக்கொள்ளலாம், அடுப்பிலேயே சின்ன இரும்பைக் காய்ச்சிக்கொள்ளலாம், தெருவுக்குச் சத்தம் கேட்காது என்று யோசனை சொன்னார். தனக்கு வேறு வழி இருக்கவில்லை என்றும், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். எங்கள் வேலை சுத்தம், வேறு ஆளிடம் கொடுக்க மனமில்லை என்றும் சொன்னார். மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் சொன்னார்.

புது ஆர்டர் எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“ஆபீஸுக்குத்தான். லைசென்ஸ் இல்லாத பட்டறை நெறைய இருக்காம், பூட்டிவைக்க அவுககிட்ட பூட்டுப் பத்தலையாம்” என்று சொல்லிவிட்டு முதலாளி சிரித்தார்.

நான் அதிர்ந்துபோய் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இப்போது அந்தப் பித்தளைக் கட்டைத் தூக்கி வெளியே வீசுவார் என்று எதிர்பார்த்தேன். வீசினால் அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு நத்தம் போய்ப் புளி உலுக்கலாம் என்று கூட ஒரு நிமிஷத்தில் முடிவு பண்ணிவிட்டேன். அவர் தகட்டை விரலால் சுண்டிப் பார்த்தார். எத்தனை கனம், எந்த அளவு என்று கேட்டார். சரி என்றார்.

அவரோடு நான் பேசவில்லை. பேசாமலே வேலை நடந்தது. அடுப்பில் சோறு இறங்கியதும் இரும்பு ஏறும். என் சோற்றுப் பானையில் கரித்தூளும் இரும்புத் தூளும் விழுந்தன. அவர் பூட்டை எப்போதும் போலத்தான் செய்தார், இன்னும் கொஞ்சம் நன்றாகவே செய்தார் என்று சொல்வேன். நெம்பு கோத்து, மூடி, இழுத்துப் பார்த்து, முதல் பூட்டை என் முன்னால் வைத்தார். அராவுவதற்குச் சாவிக் கட்டைகளையும் வைத்தார்.

மூன்று இருந்தன. பூட்டுக்கு இரண்டுதான். தவறி எடுத்துவிட்டார் என்று நினைத்து, ஒன்றை எடுத்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் திரும்ப என் பக்கம் தள்ளினார்.

“மூணையும் அராவு” என்றார்.

நான் நிமிர்ந்தேன். மாதிரித் தகடு அடுப்புக்குப் போகாமல் அவர் பக்கத்தில், மணையின் அடியில் இருந்தது. யாருடைய பட்டறையில் இந்தப் பூட்டு தொங்கப்போகிறதோ, அந்த வீட்டுக்கு இந்த மூன்றாவது சாவி பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். தொழிலில் யாரும் செய்யாததை, கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறதை, அவர் என்னிடம் உப்பு எடு என்கிற குரலில் சொல்லிவிட்டு அடுத்த பூட்டுக்குக் குனிந்துவிட்டார்.

தொறங்க தொறங்க என்று அவரிடம் நாள் முழுக்கக் கத்தினவள் நான்தான். என் பேச்சு ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அரத்தை எடுக்க எனக்குக் கை வரவில்லை. மூன்றாவதையும் அராவினால் என் கையும் தப்பாகத் திறந்த கைதான். முதலாளி ஏட்டிடம் எங்களைத் திருடராக்கி எழுதிக் கொடுத்தது பொய் என்று அதுவரைக்கும் நான் தைரியமாக இருந்தேன்.